கொளுத்திப் போடுங்க!

அண்ணாச்சி பதில்கள்: மேடையில் வெடிப்பவர்கள் சிறப்பிதழ்

போன இதழில் பங்க் ராக் பற்றி ஒரு வாசகர் போகிற போக்கில் ஒரு வரி கேட்டிருந்தார். பட்டாசு ஊர்க்காரர்கள் ஒரு வெடியோடு நிறுத்துகிறவர்களா? விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல் என்று கடிதம் குவிந்துவிட்டது. இந்த இதழ் முழுக்க அந்தக் கச்சேரிதான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யாருக்குமே பெயர் போடவில்லை.

மூன்றாமாண்டு மாணவி, விருதுநகர்
கே: பங்க் ராக் என்றால் என்ன? எங்க அப்பாவுக்கும் புரியும்படி சொல்லுங்க அண்ணாச்சி. ஹெட்போனைக் கழற்றினாலே "என்ன இரைச்சல் இது" என்கிறார்.
ப: அப்பா சொல்வது சரி, இரைச்சல்தான். ஆனால் வேண்டுமென்றே போடுகிற இரைச்சல். 1970-களின் நடுவில் ராக் இசைக்குப் பணக்காரத் தொந்தி விழுந்துவிட்டது. ஒரு பாட்டு இருபது நிமிஷம், அதில் கிடார்காரர் தனியாகப் பத்து நிமிஷம். அந்தச் சலிப்பில், 1974-இல், நியூயார்க்கில் சிபிஜிபி என்ற அழுக்கு மதுக்கூடத்தில் ரமோன்ஸ் என்று நாலு பேர் மேடை ஏறினார்கள். ரெண்டு நிமிஷப் பாட்டு, மூணே கார்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மூச்சு விடவும் நேரமில்லை. ஆரம்பத்தில் அவர்கள் கச்சேரியே இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். ரெண்டு வருஷம் கழித்து லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் வந்து, வேலையில்லாத பையன்களின் கோபத்தையும் அதில் சேர்த்தது. அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஆலாபனை, நிரவல், தனி ஆவர்த்தனம் எதுவும் கிடையாது, திரியில் தீ பட்டதும் கடைசி வெடி வரை ஒரே ஓட்டமாக ஓடுகிற பத்தாயிரம் வாலா. புரிந்துகொள்வார். பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

சரவெடி ரசிகர் மன்றத் தலைவர் (தானே நியமித்துக்கொண்டவர்), சிவகாசி
கே: சரவெடியைத்தான் 2018-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டதே?
ப: அதனால்தான் உதாரணத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

டீக்கடை பெஞ்ச், சாத்தூர்
கே: பாட்டுக் கச்சேரியில் அப்படி என்னய்யா ஆபத்து? மிஞ்சிப் போனால் சுதி விலகும்.
ப: சுதி விலகினால் அங்கே யாருக்கும் தெரியாது. விலகாவிட்டால்தான் சந்தேகப்படுவார்கள். ஆபத்து வேறு இடத்தில். பங்க்குக்கு முன்னோடி என்று சொல்லப்படும் இகி பாப் 1973-இல் நியூயார்க்கில் பாடியபோது உடைந்த கண்ணாடி நெஞ்சைக் கிழித்தது. ரத்தம் வழிய வழியப் பாடிவிட்டு, பிறகு தையல் போடப் போனார். 1976 செப்டம்பரில் லண்டன் 100 கிளப்பில் பங்க் திருவிழா நடந்தது. அங்கே வீசப்பட்ட கண்ணாடி டம்ளர் சிதறி, பார்க்க வந்த ஒரு பெண்ணின் கண் போயிற்று. வீசியதாகப் பிடிபட்டவர் சிட் விஷியஸ். அடுத்த வருஷம் அவரே செக்ஸ் பிஸ்டல்ஸில் பேஸ் கிடார்காரர் ஆனார். 1978 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் எதிரே நின்று கத்திய ஆளை அந்த கிடாராலேயே அடிக்கப் பாய்ந்தார். கிடார் வாசிக்கத் தெரியாதவருக்கு அதை வேறு எதற்காவது பயன்படுத்தித்தானே ஆக வேண்டும்!

அதே பெஞ்ச், அதே சாத்தூர்
கே: பாடுகிறவன் மேல் எச்சில் துப்புவார்களாமே, நிஜமா?
ப: நிஜம். இங்கிலாந்தில் அது மரியாதைக் கணக்கில் சேர்ந்திருந்தது. பாராட்டே அப்படி என்றால் பிடிக்காதபோது என்ன செய்திருப்பார்கள் என்று யோசிக்காதீர்கள். 1978-இல் தி கிளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் படுத்தார். ரசிகர் எச்சில் வாய்க்குள் போனதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. நம் ஊரில் பாட்டு பிடித்தால் சட்டையில் நோட்டு குத்துகிறோம். குண்டூசி குத்தினாலும் காமாலை வராது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிவகாசி
கே: இதெல்லாம் வெள்ளைக்காரன் விவகாரம். நம் பக்கத்து மண்ணில் இப்படி ஒரு மேடைக் கலகக்காரன் உண்டா?
ப: ஐயா, நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே பிறந்தவர். தியாகி விஸ்வநாததாஸ், 1886. கிடார் கிடையாது, ஆர்மோனியம், மிருதங்கம். வேஷம் முருகன். நாடகம் வள்ளி திருமணம்.

இந்த நாடகத்தில் தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற காட்சி வரும். கிளியை ஓட்டலாம், குருவியை ஓட்டலாம். தாஸ் வெள்ளைக் கொக்கை ஓட்டினார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு. கொக்கு யார் என்று கொட்டகையில் இருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும், முன்வரிசையில் இருந்த போலீஸ்காரருக்கும் தெரியும். சட்டம் மட்டும் தடுமாறும்: முருகன் கொக்கு விரட்டினால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? 1876-லேயே வெள்ளைக்காரன் நாடகங்களை அடக்கச் சட்டம் போட்டு வைத்திருந்தான். அதுவும் போதவில்லை என்றால் பிடித்து உள்ளே போட வேண்டியதுதான். 29 முறை சிறைக்குப் போனார் என்று அவர் வரலாற்றில் எழுதுகிறார்கள்.

பாட்டு முடியுமா, நடுவிலேயே வாரண்டு வருமா, விடிகிறபோது முருகன் திருமங்கலத்தில் வீட்டில் இருப்பாரா, லாக்கப்பில் இருப்பாரா, எதுவும் தெரியாமல்தான் ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். லண்டன் பையன்கள் பிறப்பதற்கு முன்பே நம் ஆள் மேடையில் இதைச் செய்துவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. தாஸ் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். அந்தக் காரணத்துக்காகவே அவரோடு சேர்ந்து நடிக்கமாட்டோம் என்று சொன்ன நடிகைகள் இருந்தார்கள். முருகனாக வந்தால் கும்பிடுவார்கள், ஜோடியாக நிற்கமாட்டார்கள். கே.பி. ஜானகியம்மாள் நின்றார். அந்த அம்மையும் பிறகு சிறை கண்டவர், பொதுவுடைமை இயக்கத்தின் பெரிய தலைவர். மேடையில் யாருக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்பதே அன்றைக்குத் துணிச்சலான காரியம்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். மயில் மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. வேஷம் கலைக்கவில்லை.

பெயர் வேண்டாம், வெம்பக்கோட்டை
கே: நான் மேடையிலேயே சாவேன் என்று சவால் விட்ட பங்க் பாடகர் ஒருவர் இருந்தாராமே?
ப: ஜி.ஜி. ஆலின். வருஷக்கணக்கில் அதைச் சொல்லியே டிக்கெட் விற்றார். 1993 ஜூனில், கச்சேரி முடிந்த மறுநாள், ஒரு வீட்டில் போதை மருந்து அதிகமாகிச் செத்துப்போனார். விளம்பரம் செய்தவர் மேடையில் சாகவில்லை. மேடையில் செத்தவர் விளம்பரம் செய்யவில்லை.

பழைய நாடகப் பைத்தியம், அருப்புக்கோட்டை
கே: எம்.ஆர். ராதாவை விட்டுவிட்டீர்களே?
ப: அவரை விட முடியுமா, அடிக்க வருவார். மனம் புண்படும் என்று நினைக்கிறவர்கள் என் நாடகத்துக்கு வர வேண்டாம் என்று அவரே அறிவிப்புக் கொடுப்பார். கொட்டகை அதனாலேயே நிரம்பும். கல் வரும், செருப்பு வரும், வசனத்துக்கு நடுவே ஆள் எழுந்து கத்துவார். ராதா வேஷத்தை விட்டு வெளியே வந்து, கத்திய ஆளுக்குப் பதில் கொடுத்துவிட்டு மறுபடி வேஷத்துக்குள் போவார். எழுதி வைத்த நாடகத்தில் பாதி, எழுதாதது பாதி. அன்றைய செய்தித்தாளைப் பார்த்து அன்றைக்கே வசனம் மாறும். நேற்றுப் பார்த்தவர் இன்றைக்கும் வருவார்.

1954-இல் சென்னை மாகாணம் நாடகங்களுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. ராதாவை மனதில் வைத்துத்தான் என்பது ஊரறிந்த ரகசியம். நம் விருதுநகர்க்காரர் முதலமைச்சராக இருந்த வருஷம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்; பெரியவர் மேல் எனக்குள்ள பக்தி அதனால் குறையாது. அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2013-இல். வழக்குத் தொடுத்தவர் பரீக்ஷா ஞாநி. அதற்குள் ராதா போய் 34 வருஷம்.

பங்குனிப் பொங்கல் பொருட்காட்சி ரசிகர், விருதுநகர்
கே: மரணக் கிணறு பங்க் ஷோவா, இல்லையா?
ப: பாட்டு மட்டும்தான் குறைச்சல். மரப்பலகைச் சுவரில் பைக் படுக்கைவாட்டில் சுற்றும், பலகை கிறீச்சிடும், மேலே நின்று பார்க்கிறவர் நீட்டுகிற பத்து ரூபாயை ஓட்டுகிறவர் கைப்பிடியை விட்டுவிட்டுப் பறிப்பார். ஒரே வித்தியாசம்: அவர் தினமும் ஒரே மாதிரி ஓட்டுகிறார். என்ன நடக்கும் என்று நமக்குத்தான் தெரியாது, அவருக்குத் தெரியும். தெரியாமல் போகிற அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பங்க் பாடகருக்கு எந்த நாளிலுமே தெரியாது.

மருந்து செலுத்துற வேலை, பெயர் வேண்டாம், சிவகாசி தாலுகா
கே: அண்ணாச்சி, காலையில வேலைக்குப் போகையில பிள்ளைக முகத்தைப் பார்த்துட்டுத்தான் போறோம். காசு குடுத்து ஆபத்தைத் தேடிப் போற ஆளுகளைப் பத்தி சிரிச்சுச் சிரிச்சு எழுதுவீங்க போல. இது நியாயமா?
ப: இந்தக் கடிதத்துக்குச் சிரித்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது தாயி.

நான் மெச்சுவது பாடுகிறவன் தன் தோலைப் பணயம் வைப்பதை. இகி பாப் கிழித்துக்கொண்டது அவர் நெஞ்சு. தாஸ் போன சிறை அவருக்கான சிறை. 100 கிளப்பில் கண் போன அந்தப் பெண் எதையும் பணயம் வைக்கவில்லை, பாட்டுக் கேட்க வந்தாள். அதை நான் கலைக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

உங்கள் கூடத்தில் நடப்பதும் அந்தப் பெண்ணுக்கு நடந்த மாதிரிதான். பருத்தி உடை, உள்ளே போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்குவது, இரும்புச் சாமான் கூடாது, ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது, வெயில் ஏறுமுன் மருந்துக் கலவையை முடிப்பது. இதெல்லாம் எனக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டியவை. விதி இருக்கிறது. ஆர்டர் நெருக்கினதும் அறைக்குள் ஆள் கூடுகிறது, மரத்தடியில் வேலை நடக்கிறது, நாக்பூர் வெடிபொருள் துறையில் உரிமம் வாங்கியவர் ஒருவர், உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறவர் இன்னொருவர். விபத்துக்குப் பின் விசாரணையில் இதே வரிகள்தான் மறுபடி மறுபடி வருகின்றன. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி என்று ஊர்ப் பெயர்தான் மாறுகிறது. மிச்சம் பிடிக்கிறவர் ஒருவர், உயிரை வைக்கிறவர் இன்னொருவர். இனி வருகிற பதில்களில் நான் திட்டப்போவது அந்த மிச்சம் பிடிக்கிற ஆளைத்தான். அவர் பட்டாசு ஆலையிலும் இருக்கிறார், கச்சேரி மண்டபத்திலும் இருக்கிறார்.

ஃபேன்சி ரகம் தயாரிப்பாளர், திருத்தங்கல்
கே: வெளிநாட்டு ராக் மேடையில் நம் புஸ்வாணம் மாதிரி ஒன்று வைக்கிறார்களே, அதற்கு இங்கே மார்க்கெட் இருக்கிறதா?
ப: மார்க்கெட் பேசுமுன் ஒரு கதை கேளுங்கள். 2003 பிப்ரவரி 20, அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலம், ஸ்டேஷன் என்ற இரவு விடுதி. கிரேட் ஒயிட் என்ற ராக் குழு முதல் பாட்டை எடுத்தது. மேடையில் நாலு பூச்சட்டி. பதினைந்தே வினாடி எரிகிற சமாசாரம், நம் பிள்ளைகள் வாசலில் வைப்பது மாதிரிதான். ஆனால் சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் பஞ்சு அடித்திருந்தார்கள், பாலியூரித்தேன் நுரை. பொறி அதில் பட்டது.

ஜனங்கள் முதலில் கை தட்டினார்கள். சுவரில் ஏறுகிற நெருப்பும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்றே நினைத்தார்கள். பாடகர் நிறுத்திய பிறகுதான் உறைத்தது. விடுதிக்கு வேறு வாசல்களும் இருந்தன. ஆனால் பெரும்பாலோர் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடினார்கள். ஒன்றரை நிமிஷத்தில் அந்த நடை மனித உடல்களால் அடைபட்டுவிட்டது. 100 பேர் இறந்தார்கள். மேடையில் நின்ற கிடார்காரரும் அதில் ஒருவர். இரவு விடுதிகளின் பாதுகாப்பைப் பற்றிச் செய்தி எடுக்க வந்த ஒரு டிவி கேமராக்காரர் உள்ளே இருந்தார் என்பதால் ஒவ்வொரு வினாடியும் பதிவாகியிருக்கிறது.

நெருப்பு வைத்தவர்களைவிட அந்த நுரைப் பஞ்சை ஒட்டியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். பொறி என்றால் பறக்கத்தான் செய்யும். அது எங்கே போய் விழும் என்று பார்ப்பதுதான் மனுஷன் வேலை. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் உங்கள் வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். மண்டபத்துக்குள் வைக்கிற ரகம் வேறு, வெளியில் வைக்கிற ரகம் வேறு என்று பெட்டியில் கொட்டை எழுத்தில், தமிழில், அச்சடித்துக் கொடுங்கள். அச்சகம் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை, தெருவுக்கு நாலு இருக்கிறது.

அவருடைய பங்காளி, அதே திருத்தங்கல்
கே: வெளியில் வைக்கிற ரகத்தை உள்ளே வைத்தால் என்ன ஆகும்? விலை குறைவாச்சே.
ப: 2013 ஜனவரி 27, பிரேசில் நாட்டில் சாந்தா மரியா ஊர், கிஸ் விடுதி. இசைக்குழு வெளியரங்குக்கான மலிவு ரகத்தை உள்ளே கொளுத்தியது. மேலே அதே நுரைப் பஞ்சு. வெளியேற ஒரே வாசல். ஓடி வந்தவர்களைக் காவலாளிகள் முதலில் தடுத்தார்கள், பில் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்து. 242 பேர். விலை குறைவு என்றீர்களே, கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாண மண்டப மேனேஜர், சாத்தூர் ரோடு
கே: பொண்ணு மாப்பிள்ளை வரும்போது ரெண்டு பக்கமும் பொறி பறக்க வைக்கிறோம். கோல்டு பைரோ. கையை வைத்தாலும் சுடாது என்கிறார்கள். பயமில்லைதானே?
ப: கையை வைத்துக் காட்டுகிற ஆள் பந்தல் துணியை வைத்துக் காட்டுவாரா என்று கேளுங்கள். மெஷின் உலோகத் தூளைச் சூடாக்கித்தான் பொறியாக வீசுகிறது. பட்டாசு அளவுக்கு மோசமில்லை. ஆனால் தெர்மாகோல் அலங்காரம், நைலான் திரைச்சீலை, கல்யாணப் பெண் தலையில் தெளித்த ஸ்ப்ரே இவற்றுக்கெல்லாம் கோல்டு என்ற பெயர் தெரியாது. பந்தி நடக்கிறபோது வாழைக்கட்டும் பாத்திரமும் அடுக்கி உங்கள் பின்வாசல் என்ன நிலையில் இருக்கிறது? அதை எழுதவில்லையே நீங்கள்.

காது மூக்கு தொண்டைக்கு அலைகிறவர், ராஜபாளையம்
கே: சத்தத்தில் பெரியது எது? நம் அணுகுண்டா, அவர்கள் கச்சேரியா?
ப: நம் வெடி நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். 1976-இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் தி ஹூ குழு 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபெல் காட்டி கின்னஸில் ஏறியது. அளக்கிற முறை கொஞ்சம் வேறு. ஆனாலும் நம் அணுகுண்டு ஒரு நொடியில் முடிந்துவிடும், அவர்கள் கச்சேரி முழுக்க வாசித்தார்கள். அந்தக் குழுவின் கிடார்காரர் பீட் டவுன்ஷெண்டுக்குக் காது பழுதாயிற்று, டாக்டர் செலவு உங்களுக்கு மட்டுமில்லை.

திருவிழாக் கமிட்டி உறுப்பினர், ஏழாயிரம்பண்ணைப் பக்கம்
கே: எங்க ஊர் ஆடல் பாடலுக்கு ஒவ்வொரு வருஷமும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. இதுவும் கலை ஒடுக்குமுறைதானே?
ப: கொஞ்சம் ஒடுக்குமுறை, கொஞ்சம் உங்கள் புண்ணியம். நீதிமன்றம் வழக்கமாகப் போடுகிற நிபந்தனை என்ன? ஆபாசம் கூடாது, சாதியை ஏற்றிவிடுகிற பாட்டு கூடாது, கட்சிக் கொடி கூடாது, நேரம் தாண்டக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-த்தில் வந்த விதி, லண்டன் பையன் வந்தாலும் அதேதான். ஆபாசத்தைப் போலீஸ் அளக்கிற அளவுகோலில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆடுகிற பெண்ணைத்தான் முதலில் மிரட்டுவார்கள், மேடையேறி நோட்டு நீட்டிக் கையைப் பிடிக்கிற ஊர்ப் பெரிய மனுஷனை அல்ல. ஆனால் ரெண்டாவது நிபந்தனையைக் கிண்டலடிக்கமாட்டேன். எந்தத் தெரு ஆள் எந்தப் பாட்டுக்கு விசிலடித்தான் என்பதில் ஆரம்பித்து ஆஸ்பத்திரியில் முடிந்த கதை நம் ஜில்லாவில் ஊருக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் மேடையில் அடுத்த நிமிஷம் என்ன நடக்கும் என்பது பாடகர் கையில் இல்லை, மூணாவது வரிசையில் துண்டைச் சுழற்றுகிற ஆள் கையில் இருக்கிறது. பங்க்கைவிட மோசம்.

ஐ.டி. வேலை, சொந்த ஊர் விருதுநகர், இப்போது துரைப்பாக்கம்
கே: 2023-இல் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரிக்குப் போய், டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல் திரும்பினேன். அவர் பங்க் பாடகர் இல்லையே, மெல்லிசைதானே?
ப: அதுதான் பாயிண்டு. செப்டம்பர் 10, கிழக்குக் கடற்கரைச் சாலை, மறக்குமா நெஞ்சம். மழையால் ஒருமுறை தள்ளிவைத்த கச்சேரி. மேடையில் எந்தக் கலவரமும் இல்லை, உடைந்தது ஏற்பாடு. கூட்டத்துக்கு நடுவே பெண்கள் பட்ட அவஸ்தையையும் அப்போது படித்தோம். அதே வருஷம் நவம்பர் 25-இல் கொச்சி பல்கலைக்கழகத்தில் நிகிதா காந்தி கச்சேரி. மழை வந்ததும் வெளியே நின்றவர்கள் ஒரே வாசல் வழியாக உள்ளே பாய, படிக்கட்டில் விழுந்து 4 பேர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன். கூட்டம் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து நிகழ்ச்சி நடுவில் நின்றது. ஹரிஹரன் பாட்டுக்கு யாராவது மோஷ் பிட் ஆடுவார்களா? இசை எவ்வளவு மென்மையோ அதற்கும் நெரிசலுக்கும் சம்பந்தமே இல்லை. 1979 டிசம்பர் 3, அமெரிக்காவில் சின்சினாட்டி, தி ஹூ கச்சேரி. முன்னால் போகிறவருக்கு முன் இடம் என்று டிக்கெட் விற்றுவிட்டு, பெருங்கூட்டத்துக்குச் சில கதவுகளை மட்டும் திறந்தார்கள். 11 பேர், பாட்டுத் தொடங்குமுன்பே. கரூர் வேலுச்சாமிபுரத்தில் 2025 செப்டம்பர் 27 அன்று பாட்டே இல்லை, அரசியல் கூட்டம். 41 பேர்.

மறுபடியும் மூன்றாமாண்டு மாணவி, விருதுநகர்
கே: மோஷ் பிட் என்கிறீர்களே, மேடைக்கு முன்னால் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு ஆடுவது. அதில் பெண்கள் இறங்க முடியுமா?
ப: முடியும், ஆனால் மேடையில் நிற்கிறவர் யார் என்று பார்த்து இறங்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அடிதடி. உள்ளே ஒரு சட்டம் உண்டு: விழுந்தவரை உடனே நாலு பேர் தூக்கி நிறுத்த வேண்டும். அந்தச் சட்டத்தை மதிக்காத ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு. 1990-களில் பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹானா கச்சேரியை நிறுத்திவிட்டு, ஆண்களைப் பின்னால் போகச் சொல்லி, பெண்களை மேடைக்கு முன்னால் அழைப்பார்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஃபுகாஸி குழுவின் இயன் மெக்கே. டிக்கெட் விலையை 5 டாலர் அளவிலேயே பிடிவாதமாக வைத்திருந்தவர். எவனாவது அடுத்தவர் மேல் மோதி ரகளை செய்தால் பாட்டை நிறுத்துவார், ஒரு வாத்தியார் மாதிரி அவனைப் பேர் சொல்லாத குறையாகச் சுட்டிக் கண்டிப்பார், அப்புறமும் கேட்கவில்லை என்றால் கவரில் போட்டுத் தயாராக வைத்திருக்கிற 5 டாலரைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார். காசையும் கொடுத்து, கழுத்தையும் பிடிப்பது! நம் திருவிழாக் கமிட்டிகள் ஆளுக்குப் பத்துக் கவர் வாங்கி வைத்தால் மதுரைக்கு அலைய வேண்டியிருக்காது.

சிங்கப்பூர் ரிட்டர்ன், ஸ்ரீவில்லிபுத்தூர்
கே: நம் தமிழ்ப் பையன்கள் இந்த மாதிரி பயங்கர இசையெல்லாம் செய்கிறார்களா?
ப: நீங்கள் இருந்த ஊரிலேயே ருத்ரா என்ற குழு 1992-இலிருந்து இருக்கிறதே! டெத் மெட்டல் இரைச்சலில் வேதாந்தம் பாடுகிற தமிழ்ப் பையன்கள். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் இடித்து ஆடுவதற்கே தடை இருந்தது. இங்கே 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியது. பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த கூட்டம், கானாவும் பறையும் ராக்கும் கலந்தது. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் மேடையில் பாடினார்கள். யாரும் கண்ணாடியில் புரளவில்லை; புரளாமலேயே பலருக்கு நெஞ்சு கீறியது. இந்த மாதிரி இசைக்கே தண்டனை கொடுத்த இடமும் உண்டு: இந்தோனேசியா ஆச்சே மாகாணத்தில் 2011-இல் கச்சேரி கேட்க வந்த 60-க்கும் மேற்பட்ட பங்க் பிள்ளைகளைப் பிடித்து மொட்டை அடித்தது போலீஸ். வேண்டுதலே இல்லாமல்.

ஜவுளிக்கடை சேல்ஸ்மேன், அருப்புக்கோட்டை
கே: கணிக்க முடியாது என்கிறீர்கள். அப்படியானால் காசு கொடுத்துப் போய், ஷோ நமுத்துப் போனால்?
ப: அதுவும் சேர்த்துத்தான் டிக்கெட். செக்ஸ் பிஸ்டல்ஸின் கடைசிக் கச்சேரி 1978 ஜனவரி 14, சான் பிரான்சிஸ்கோ. அந்தக் காலக் குழுவின் கடைசி மேடை அதுதான். பாடகர் ஜானி ராட்டன் கடைசியில் கூட்டத்தைப் பார்த்து, ஏமாந்துபோன மாதிரி உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். நம் ஊர்க்காரருக்கு நமுத்த வெடியைப் பற்றித் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது: புஸ்ஸென்று போனதை எட்டிப் பார்க்கப் போகக் கூடாது. அவர்கள் 1996-இல் பழைய ஆட்களைச் சேர்த்து மறுபடி கொளுத்தினார்கள். வெடிக்கவில்லை, காசு வந்தது.

வேடிக்கை பார்ப்பவர், முதலிப்பட்டி விலக்கு
கே: ஆபத்து என்று தெரிந்தும் மனுஷன் ஏன் கிட்டப் போய்ப் பார்க்கிறான்?
ப: உங்கள் விலாசத்தைப் பார்த்துவிட்டு இதற்கு எப்படிப் பதில் எழுதுவது? 2012 செப்டம்பர் 5 அன்று உங்கள் ஊர்ப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்த சுமார் 40 பேரில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்ல. முதல் சத்தம் கேட்டு உதவிக்கும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். உதவிக்கு வந்தவரையும் வேடிக்கைக்கு வந்தவரையும் ஆளுக்கு ஆள் பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஓடாமல் நின்ற ஊராக இருந்தால் அது ஊரே இல்லை. ஆனால் ஓடி வருகிறவனை நூறு அடி தள்ளி நிறுத்த அங்கே ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். கச்சேரியானாலும் அதேதான்.

தீபாவளி போனஸ் வாங்கியவர், சிவகாசி
கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்க அண்ணாச்சி. ஒரு பங்க் ஷோவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் போவீங்களா?
ப: போவேன். முன்வரிசை வேண்டாம், இடுப்பு தாங்காது. காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். எச்சில் துப்புகிற இடம் என்றால் துண்டும் எடுத்துக்கொள்வேன். மேடையில் நிற்கிறவன் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், கிடாரை உடைக்கட்டும், என்னைத் திட்டட்டும். உள்ளே நுழைந்ததும் நான் முதலில் தேடுவது நான் வந்த வாசலைத் தவிர இன்னொரு வாசல் எங்கே என்று. அது பூட்டிக் கிடந்தாலோ, அங்கே நாற்காலி அடுக்கியிருந்தாலோ, டிக்கெட் காசு போனால் போகிறது என்று திரும்பிவிடுவேன். அடுத்த வாரம் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நீங்களும் அதைச் செய்யுங்கள்: சாப்பாட்டு மேஜைக்குப் போகுமுன் பின்வாசல் தாழ்ப்பாளைத் தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் மொய் எழுதுகிற இடத்திலேயே சத்தம் போடுங்கள்.